களமாக இருந்த கிராமம்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் மக்களின் பழமொழி. இதனை ஆக்கியவர் ஏடு படித்துப் பட்டம் பெற்றவராய் இருந்திருக்க முடியாது. சுரைக்கொடி நட்டு, நீர் ஊற்றி, கறி சமைத்தவராகவே இருந்திருத்தல் வேண்டும். கைக்கு வராத அறிவு பயன்படாது என்ற உண்மையைக் கல்வியியல் நூல்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே உழைக்கும் மக்கள் கண்டிருந்தனர். ஆயினும், விஞ்ஞானம் பயிலும் மாணவரும் தாதியர் பயிற்சிக்குச் செல்வோரும் வகுப்பறைக்கு வெளியே சென்று தொட்டும் அளந்தும் கற்க வேண்டும் என்று இன்று பேசப்படும்போது, அது மேல்நாட்டிலிருந்து நேற்று வந்திறங்கிய புதுச்சரக்குப் போலக் காட்டப்படுகிறது. நம் நாட்டில் அதற்கு நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் பெருமைப்படத்தக்க பகுதியும் உண்டு. வெட்கப்படத்தக்க பகுதியும் உண்டு. இரண்டையும் ஒருங்கே வைத்து நோக்குவது ஆசிரியர்களாகிய நமக்கும் நம் மாணவருக்கும் கடமையாகும்.

இவ்வெண்ணம் நமக்கு எழுந்த இடம் எலுவன்குளம். புத்தளம் நகரிலிருந்து வடக்கே செல்லும் பழைய மன்னார் வீதி கலா ஓயாவைச் சந்திக்கும் இடத்தில் இக்கிராமம் உள்ளது. ஆற்றுக்கு அப்பால் வில்பத்துக் காடு. மேற்கே கண்டற் காடுகளினூடாகச் சென்று ஆறு புத்தளம் களப்பிற் கலக்கிறது. மாரியில் வெள்ளம் பெருகினால் சப்பாத்துப் பாலம் நீரில் மூழ்கும், வீதி அறுந்துபோகும். நீர் வற்றும் கோடையிலோ அதே ஆற்றின் ஓரங்களில் மணலுக்கும் பாறைக்கும் இடையே தெளிந்த நீர் சிறு குட்டைகளாகத் தேங்கி நிற்கும்.

அத்தகைய ஒரு கோடையில் உயர்தர வகுப்பு மாணவர் சிலரை அங்கு அழைத்துச் சென்றோம். நாம் கற்பிப்பது தமிழ்; உயிரியல் கற்பிக்கும் நண்பர் ஒருவர் உடன் வந்தார். முதலை உள்ள ஆறு ஆதலால், ஊர் மீனவர் ஒருவர் காட்டிய குட்டைகளை மட்டுமே அணுகினோம். நீண்ட காம்பு கட்டிய அகப்பையால் நீரை மொண்டு வெள்ளைப் பீங்கானில் ஊற்றிப் பார்த்தபோது நுளம்புக் குடம்பிகள் தெரிந்தன. சில குடம்பிகள் தலைகீழாகச் சாய்ந்து, வாற்புறத்துக் குழாயை நீர்மட்டத்தில் நீட்டித் தொங்கின. அக்குழாய் இல்லாத வேறு சில, நீர்மட்டத்தோடு மட்டமாகக் கிடந்தன. முன்னவை கியூலெக்ஸ் இனம். பின்னவை மலேரியாவைப் பரப்பும் இனங்களை உள்ளடக்கிய அனோபிலிஸ். வகுப்பறையில் பல முறை எழுதிப் பல முறை மறந்த இந்த வேறுபாட்டை, பீங்கானின் மேல் குனிந்த சில நிமிடங்களில் எல்லோரும் கண்டுகொண்டனர்.

அவ்வேளையில் எம்மைப் பார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் அருகில் வந்தார். “நான் சின்னப் பொடியனா இருக்கக்குள்ள ஆஸ்பத்திரிக்காரர் பள்ளிக்கூடத்துக்கு வருவாங்க, சேர். வரிசையா நிப்பாட்டி வயித்த அமுக்கிப் பாப்பாங்க. விரல்ல குத்தி ரத்தம் எடுப்பாங்க. என்னத்தக் கண்டாங்க எண்டு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லல்ல” என்றார்.

அவர் குறை கூறும் தொனியில் இதைச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சொற்கள் எம்மை விட்டு அகலவில்லை. இந்நாட்டில் களத்தில் நின்று கற்ற கல்வியின் நூற்றாண்டு வரலாற்றை அந்த ஒரு வாக்கியத்துள் அடக்கிவிடலாம் என்றே தோன்றியது.

மானிப்பாயில் ஒரு பள்ளி

அவ்வரலாற்றின் தொடக்கத்தை யாழ்ப்பாணத்திற் காண்கிறோம். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. அடுத்த ஆண்டில் மானிப்பாயில் மருத்துவ நிலையம் ஒன்றை நிறுவி, உள்ளூர் இளைஞருக்கு மேலைநாட்டு மருத்துவத்தைக் கற்பிக்கலானார். அங்கே பாடசாலையும் மருந்தகமும் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. காலையில் வரிசையில் நின்ற நோயாளரே மாணவரின் பாடநூல். புண்ணைக் கழுவிக் கட்டவும், நாடியைப் பிடித்துப் பார்க்கவும், மருந்தைக் கலக்கவும், சத்திரசிகிச்சையின்போது ஆசிரியருக்கு உதவி நிற்கவும் மாணவர் பழகினர். இலண்டன் சென். தோமஸ் மருத்துவமனையில் புளோரன்ஸ் நைற்றிங்கேலின் தாதியர் பள்ளி தொடங்கியது 1860ஆம் ஆண்டில். நோயாளியின் கட்டிலருகே நின்று கற்கும் முறை அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னரே மானிப்பாயில் தொடங்கிவிட்டது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

முதலில் ஆங்கிலத்தில் கற்பித்த கிறீன், 1862இல் தாயகத்திலிருந்து மீண்டபின் தமிழில் கற்பிக்க முனைந்தார். அவர் கண்ட காரணம் எளிது. ஆங்கிலம் கற்ற மருத்துவர் அரசாங்க உத்தியோகத்தையும் சம்பளத்தையும் நாடி ஊரை விட்டுப் போய்விடுகிறார். தமிழில் கற்றவர் ஊரிலேயே தங்கித் தம் மக்களுக்கு வைத்தியம் செய்வார். இதற்கென மருத்துவ நூல்களைத் தமிழாக்கும் பெரும்பணி நடந்தது. கிறீனின் மாணவரும் உதவியாளரும் அதில் தோள் கொடுத்தனர். ‘இரண வைத்தியம்’ 1867இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’ ஆகியவை 1872இலும், இரசாயன நூலாகிய ‘கெமிஸ்தம்’ 1875இலும் வெளிவந்தன. 1873இல் அவர் நாடு திரும்புமுன் அறுபதுக்கும் மேற்பட்டோர் அவரிடம் பயிற்சி பெற்றிருந்தனர்.

கிறீனின் சொல்லாக்கங்கள் சிலவற்றை இன்று நாம் ஏற்கமாட்டோம். வடசொற்கள் மிகுந்து ஒலிப்பதும் உண்மை. ஆனால், நோயாளி பேசும் மொழியில் மருத்துவன் சிந்திக்க வேண்டும் என்ற கொள்கை பழுதற்றது. “எங்கே நோகிறது?” என்று கேட்கும் மொழி ஒன்றாகவும், நோவை எழுதி வைக்கும் மொழி வேறொன்றாகவும் இருக்கும்போது, இரண்டுக்கும் இடையே விழுந்து மடிபவன் ஏழையே. 1870இல் கொழும்பில் தோன்றிய மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்திலேயே நடந்தது. கிறீன் சென்றபின் தமிழ் மருத்துவக் கல்வியும் நெடுநாள் நிலைக்கவில்லை.

கிறீனை நாம் தெய்வமாக்கவும் வேண்டியதில்லை. அவருடைய கல்லறையில் தமிழருக்கான மருத்துவ நற்செய்தியாளர் என்ற பொருள்படவே பொறிக்கப்பட்டுள்ளது. மருந்தகத்தின் வாசலில் வேதாகமமும் காத்திருந்தது. வெள்ளையர் ஆட்சியின் நிழலில் நடந்த பணியே அது. எனினும், தன் மாணவனைத் தன்னைப்போல மருத்துவனாக்க முனைந்தார். அவன் பேசும் மொழியிலேயே நூலை அவன் கையிற் கொடுத்தார். இந்த அளவுகோலை நினைவில் வைத்துக்கொண்டு, பின்வந்தவற்றை அளந்து பார்ப்போம்.

விலைக்கு வாங்கிய இரத்தம்

1897ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் நாள், இந்தியாவின் செகந்திராபாத்தில் ரொனால்ட் ரொஸ் என்ற இராணுவ மருத்துவர் நுளம்பு ஒன்றை அறுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தார். அதன் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். மனித குலத்தின் மாபெரும் கண்டுபிடிப்புகளுள் ஒன்று அது. 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த நுளம்பு குடித்தது ஹுசைன் கான் என்ற ஏழை நோயாளியின் இரத்தம். தன்னைக் கடிக்கவிட்ட ஒவ்வொரு நுளம்புக்கும் ஓர் அணா வீதம் அவர் கூலி பெற்றார். வரலாறு ரொஸ்ஸை அறிஞராக நினைவில் வைத்தது. ஹுசைன் கான் ஓர் அடிக்குறிப்பானார்.

ரொஸ்ஸைப் பழிப்பதற்காக இதனைக் கூறவில்லை. விஞ்ஞானம் மக்களின் உடலின்றி ஓர் அடியும் நகர்ந்ததில்லை என்பதைச் சுட்டவே கூறுகிறோம். பிறர் அறிவு பெறும்பொருட்டு இரத்தம் கொடுத்தவனுக்கு அறிவில் பங்கு கிடைத்ததா என்பதே நம் கேள்வி.

இலங்கையில் மலேரியா எதிர்ப்பு இயக்கம் 1911இல் குருணாகலில் தொடங்கியது. 1920களில் காட்டர் என்ற பூச்சியியலாளர் இந்நாட்டு நுளம்புகளை ஆராய்ந்து, அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் என்ற இனமே நோயைப் பரப்பும் முதன்மை இனம் என நிறுவினார். சூரிய ஒளி படும் தெளிந்த தேக்கநீரில், சிறப்பாக ஓட்டம் நின்ற ஆற்றுக் குட்டைகளில், அது பெருகுகிறது. நோயின் அளவை அறிய அதிகாரிகள் கையாண்ட வழி பள்ளிப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதாகும். மலேரியாக் காய்ச்சல் மீண்டும் மீண்டும் வரும் குழந்தைக்கு மண்ணீரல் வீங்கும். விலா எலும்பின் கீழே கைக்குத் தட்டுப்படும். நம் முன்னோர் அதனைக் காய்ச்சற்கட்டி என்றனர். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வீக்கம் உண்டு என்ற கணக்கே ஓர் ஊரின் மலேரியாக் கணக்கு. எலுவன்குளத்து முதியவர் நினைவுகூர்ந்தது இம்முறையைத்தான்.

முறை நல்லதே. மருத்துவ மாணவனின் விரல்களுக்கு அதைவிடச் சிறந்த பாடம் இல்லை. ஆனால் பாடம் கற்றவை அந்த விரல்கள் மட்டுமே. வயிற்றைக் காட்டி நின்ற குழந்தைக்கு அந்தப் பாடம் கற்பிக்கப்படவில்லை.

களுத்துறையும் கேகாலையும்

1926ஆம் ஆண்டு களுத்துறையில் நாட்டின் முதற் சுகாதார அலகு நிறுவப்பட்டது. றொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியும் அதற்கு இருந்தது. எண்ணெய் முதலாளியின் பணம் எந்நோக்கோடு உலகெங்கும் சென்றது என்பது தனி ஆராய்ச்சிக்கு உரியது. இங்கு நாம் கவனிக்க வேண்டியது முறையை. நோயாளி மருத்துவமனைக்கு வரும்வரை காத்திராமல், சுகாதார வைத்திய அதிகாரியும் தாதியும் பரிசோதகரும் மருத்துவமாதும் ஒரு வரையறுத்த நிலப்பரப்பின் வீடுகளுக்கு நேரே சென்றனர். கருவுற்ற தாயைக் கண்டனர். கிணற்றையும் மலகூடத்தையும் பார்த்தனர். பிள்ளைகளைப் பள்ளியிலே சோதித்தனர். விரைவில் அவ்வலகு பயிற்சிக் களமாகவும் ஆயிற்று. பின்னாளில் தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவகமாக வளர்ந்தது அதுவே.

அங்கு தோன்றிய மரபு இன்றும் உயிரோடிருக்கிறது. பொதுச் சுகாதார மருத்துவமாதுக்கான பயிற்சி பதினெட்டு மாதம். அதில் ஓராண்டு தாதியர் பள்ளியிலும் மருத்துவமனையிலும் கழியும். எஞ்சிய ஆறு மாதமும் ஊர்களில், வீட்டு வாசல்களில். இதன் பயனை எண்களே கூறும். 1930களில் ஓர் இலட்சம் பிறப்புக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் மாண்டனர். 1950ஆம் ஆண்டளவில் அது ஐந்நூறு அறுநூறாகக் குறைந்தது. அந்நூற்றாண்டின் இறுதியில் அறுபதளவிற்கு வந்தது. வருமானத்தில் நம்மைவிட உயர்ந்த பல நாடுகள் எட்டாத நிலை இது. இலவச மருத்துவமும் இலவசக் கல்வியும் இதன் அடித்தளம். சைக்கிளிலும் கால்நடையாகவும் வீடு வீடாகச் சென்ற கிராமப்புறப் பெண்களின் கைத்திறன் இதன் சுவர். அவர்களுடைய பெயர்களை எந்த நினைவுச் சின்னத்திலும் நாம் காணவில்லை.

இதே காலத்தில் மற்றொரு வகைக் களக் கல்வியும் நிகழ்ந்தது. 1934ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. என்றும் நீரோடும் மகா ஓயாவும் தெதுரு ஓயாவும் குட்டை குட்டையாகத் தேங்கின. எலுவன்குளம் போன்ற வறண்ட வலயத்து ஊர்களுக்கு மலேரியா ஆண்டுதோறும் வரும் அழையா விருந்தாளி. அங்குள்ளோர் நோயோடு போராடி ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தனர். கேகாலை போன்ற ஈரவலயத்து மக்களுக்கு அவ்வாற்றல் இல்லை. 1934 இறுதியில் மூண்ட கொள்ளைநோயில், அடுத்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 80,000 பேர் மடிந்தனர். நோயுற்றோர் தொகை பதினைந்து இலட்சம் என மதிப்பிடப்பட்டது. அன்று நாட்டின் மக்கள்தொகை ஐம்பத்தைந்து இலட்சமளவே.

அப்போது கேகாலைக் கிராமங்களுக்குச் சென்றவர்களுள் சூரியமல் இயக்கத்து இளைஞரும் இருந்தனர். முதல் உலகப்போரின் நினைவு நாளில் பொப்பி மலர் விற்றுப் பிரித்தானியருக்குப் பணம் அனுப்பும் வழக்கத்தை எதிர்த்து, நம் பூவரசம் பூவை விற்ற இயக்கம் அது. மருத்துவர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் என். எம். பெரேராவும் பிறரும் மருந்தும் பருப்பும் அரிசியும் சுமந்து குடிசை குடிசையாகச் சென்றனர். அங்கே அவர்கள் கற்ற பாடம் எந்த மருத்துவ நூலின் முதற்பக்கத்திலும் இருக்கவில்லை. கொயினா விழுங்கியவனும் சாகிறான். ஏனெனில் அவன் வயிறு வெறுமையாய் இருக்கிறது. நுளம்பு கடித்தது எல்லோரையும். கூட்டம் கூட்டமாகச் செத்தது பட்டினி கிடந்தவர்களே. நுணுக்குக்காட்டியில் தெரியாத அந்தக் கிருமியின் பெயர் வறுமை. 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியதற்கும், மறு ஆண்டு என். எம். பெரேரா கேகாலை மாவட்டத்தின் ருவான்வெல்லையில் வென்றதற்கும் இக்களப்பணி ஒரு காரணமாயிற்று. களம் இளைஞரை மாற்றியது. அவர்கள் நாட்டின் அரசியலை மாற்றினர்.

கவனம் தளர்ந்தால்

போருக்குப்பின், 1940களின் நடுவில், வீட்டுச் சுவர்களில் டிடிடி தெளிக்கும் இயக்கம் தொடங்கியது. 1963இல் நாடு முழுவதிலும் காணப்பட்ட மலேரியா நோயாளர் தொகை வெறும் பதினேழு! வெற்றி முழுமையடைந்ததென்று எண்ணித் தெளிப்பு நிறுத்தப்பட்டது. களத்திற் கண்காணிப்புத் தளர்ந்தது. ஆறே ஆண்டுகளில், 1969இல், நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. பின்னர் நுளம்பு டிடிடிக்கு இணங்காத தன்மையும் பெற்றுவிட்டது. களத்தை விட்டு நீங்கிய விஞ்ஞானத்துக்கு இயற்கை விதித்த தண்டனை இது என்று மாணவருக்குச் சொல்லலாம்.

அதன்பின் நாற்பதாண்டுக்கு மேல் போராட்டம். போர் நடந்த காலத்திலும் சுகாதார ஊழியர் இப்பணியை முற்றாகக் கைவிடவில்லை. இரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டிற் பூசிப் பார்ப்பதும், அகப்பையால் குட்டையை மொள்ளுவதும், ஒவ்வொரு நோயாளியின் வீட்டையும் தேடிப் போவதும் தொடர்ந்தன. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் காணப்பட்டார். 2016 செப்டம்பர் 5ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

கதை அத்துடன் முடியவில்லை. அடுத்த ஆண்டே, மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்ற, இந்நாட்டில் முன்னர் கண்டிராத நுளம்பினம் இருப்பது அறிவிக்கப்பட்டது. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் இனம் அது. கட்டிய கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருக வல்லது. கொழும்பில் உட்கார்ந்து அதனைக் கண்டவர் எவருமில்லை. கிணறு கிணறாகப் போய்க் குடம்பி மொண்ட களப்பணியாளரின் கையே கண்டது. மன்னாருக்கும் எலுவன்குளத்துக்கும் இடையே உள்ளது ஒரு காடும் சில ஆறுகளுமே.

தோண்டுவோரும் தோண்டப்பட்டோரும்

இப்போது முதியவரின் வாக்கியத்துக்குத் திரும்புவோம். இவ்வளவு பெரிய வெற்றியின் வரலாற்றில் அவருக்கு உரிய இடம் எது? கணக்கில் ஓர் எண். அவர் ஊர், படித்தவர்கள் வந்து கற்றுச் செல்லும் களம்.

மருத்துவம் ஒன்றில் மட்டும் இவ்வாறு நிகழவில்லை. எலுவன்குளத்துக்கு வடக்கே, ஆற்றைக் கடந்து சென்றால் வில்பத்துக் காட்டினுள் பொம்பரிப்பு இருக்கிறது. இரும்புக்கால மக்கள் தம் இறந்தோரைத் தாழியில் அடக்கம் செய்த இடம். தமிழகத்தின் ஆதிச்சநல்லூரை நினைவூட்டும் தாழிகள் அங்கு கிடைத்தன. 1924இல் ஹோகார்ட் தோண்டினார். 1956, 57இல் தொல்பொருள் திணைக்களம் தோண்டியது. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அரும்பொருளகத்தின் சார்பில் விமலா பெக்லி தோண்டினார். எலும்புகளையும் பற்களையும் நிபுணர் ஆராய்ந்து ஆங்கிலத்தில் அறிக்கை எழுதினர். பயனுள்ள பணியே. ஆனால் பொம்பரிப்பின் அயலூர்ப் பாடசாலையில் படிக்கும் பிள்ளை, தன் ஊருக்கு அருகே ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய மக்கள் உறங்கினர் என்பதைப் பாடநூலில் ஒரு வரியாகவேனும் படித்தால் அது அதன் நற்பேறு.

கண்டற் காட்டின் நிலையும் இதுவே. கலா ஓயாவின் கழிமுகத்துக் கண்டற் காடு இலங்கையின் பெருங்கண்டற் காடுகளுள் ஒன்று. உப்புச் சேற்றில் முட்டுவேர் ஊன்றி நிற்கும் மரம். சேற்றிலிருந்து நிமிர்ந்து காற்றை உள்வாங்கும் மூச்சுவேர். தாய்மரத்தில் தொங்கும்போதே வித்து முளைத்து நீண்டு, பின்னர் சேற்றில் விழும் வியப்பு. தாவரவியலின் பல அதிகாரங்களை அங்கு ஒரு காலைப் பொழுதிற் கற்பிக்கலாம். பல்கலைக்கழகங்களிலிருந்து மாணவர் படகேறி வந்து அவற்றைக் கற்றுச் செல்கின்றனர். படகோட்டியின் மகளுக்கு அப்பாடம் கிடைக்கிறதா?

கிடைப்பது எளிதன்று. நாட்டிலுள்ள பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அரசாங்கப் பாடசாலைகளில் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு உள்ளவை ஏறத்தாழப் பத்தில் ஒன்றே. அவை பெரும்பாலும் நகரங்களில் உள்ளன. அரசாங்கத் தாதியர் பயிற்சிக்கோ உயர்தரத்தில் விஞ்ஞான, கணிதப் பிரிவுகளில் சித்தியடைந்தோரையே நெடுங்காலமாகத் தேர்ந்து வருகின்றனர். ஆகவே, தாதியாக விரும்பும் கிராமத்துப் பெண்ணுக்குத் தடை அவளுடைய அறிவில் இல்லை. அவள் பிறந்த ஊரின் பாடசாலையில் இல்லாத ஆய்வுகூடத்தில் இருக்கிறது. நூறாண்டாகத் தாதியருக்கும் மருத்துவருக்கும் களமாக இருந்த ஊர், தன் வயிற்றிலிருந்து ஒரு தாதியைப் பெற்றெடுக்க முடியாமல் நிற்கிறது. நாம் வெட்கப்பட வேண்டிய பகுதி என்று தொடக்கத்திற் குறிப்பிட்டது இதனையே.

ஆய்வுகூடமும் ஆறும்

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. ‘கிராமத்துப் பிள்ளைக்கு இயற்கையே ஆய்வுகூடம்’ என்று இனிமையாகப் பேசுவோர் உளர். அவ்வினிமையில் ஒரு சூழ்ச்சி ஒளிந்திருக்கலாம். 1930களில் நம் நாட்டில் ஹந்தெஸ்ஸவில் நடந்த கிராமியக் கல்வித் திட்டமும், 1937இல் வார்தாவில் உருவான காந்தியடிகளின் ஆதாரக் கல்வித் திட்டமும் தொழிலையும் சூழலையும் கல்வியோடு இணைக்க முயன்றன. நோக்கம் உயர்ந்ததே. எனினும், பணக்காரன் பிள்ளைக்கு இரசாயனமும் ஏழை பிள்ளைக்கு இராட்டையுமா என்ற ஐயம் பாமர மக்களிடையே எழுந்தது. அந்த ஐயம் அறியாமையின் விளைவு என்று நாம் கருதவில்லை. தலைமுறை தலைமுறையாக ஏமாற்றப்பட்டவர்களின் அனுபவ அறிவு அது. ஆய்வுகூடம் கட்டித் தராமல் ஆற்றங்கரையைக் காட்டுவது ஏய்ப்பு. ஆற்றங்கரைக்கே போகாத ஆய்வுகூடம் மலடு. எலுவன்குளத்துப் பிள்ளைக்கு இரண்டும் வேண்டும்.

இது வெறும் கல்விப் பிரச்சினையா? 2018, 2019ஆம் ஆண்டுகளில், கொழும்பின் குப்பையை வண்ணாத்திவில்லுப் பிரிவிலுள்ள அருவக்காட்டில் கொட்டும் திட்டத்தை எதிர்த்துப் புத்தளம் மக்கள் வீதியில் இறங்கியதை நாம் அறிவோம். குப்பையின் கழிவுநீர் நிலத்தடி நீரையோ களப்பையோ சேருமா என்பது அவர்களின் அச்சம். சேராது என்றனர் அதிகாரிகள். இவ்விரண்டு கூற்றுகளுக்கும் இடையே தீர்ப்புச் சொல்ல வல்லது அளவை ஒன்றே. கிணற்று நீரை மாதந்தோறும் சோதித்து எழுதிய பத்தாண்டுக் குறிப்பேடு ஊரார் கையில் இருக்குமாயின், அவர்கள் எவரிடமும் போய்ச் சான்றிதழ் கேட்டு நிற்க வேண்டியதில்லை. அளக்கத் தெரிந்த மக்களை ஏமாற்றுவது கடினம். விஞ்ஞானக் கல்வி ஜனநாயகத்தின் கருவி என்று நாம் கூறுவது இப்பொருளிலேதான்.

ஆகவே, செய்ய வேண்டியவை தெளிவு. ஒவ்வொரு பிரதேசத்திலும் கிராமத்துப் பிள்ளை நாளும் போய்வரக்கூடிய தூரத்தில் விஞ்ஞானப் பிரிவும், பூட்டிக் கிடக்காத ஆய்வுகூடமும் வேண்டும். அதற்காக ஆசிரியர் சங்கங்கள் குரல் எழுப்ப வேண்டும். தாதியர் மாணவியரும் மருத்துவமாதுப் பயிற்சியாளரும் ஓர் ஊரில் தங்கிக் கற்றால், கண்டவற்றை அவ்வூர் மக்கள் கூடிய இடத்தில், அவர்கள் மொழியில், தமிழாயின் தமிழில், சிங்களமாயின் சிங்களத்தில் சொல்லிவிட்டே விடைபெற வேண்டும். இது பயிற்சியின் ஒரு பகுதியாக விதிக்கப்பட வேண்டும். இவற்றுக்கு அரசாங்கத்தை நெருக்க வேண்டும். ஆனால் ஊர்க் குறிப்பேட்டைத் தொடங்க எவருடைய அனுமதியும் வேண்டாம். மழையளவு, கிணற்று நீர்மட்டம், குடம்பி எண்ணிக்கை, கண்டல் வித்து விழும் மாதம் ஆகியவற்றை மாணவர் எழுதலாம். கலைச்சொல்லைப் பற்றி ஓயாது வாதாடும் தமிழாசிரியர்களாகிய நாம், அச்சொற்கள் ஊராரின் வாயில் எப்படி வழங்குகின்றன என்று அக்குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதிவரலாம்.

அன்று மாலை, நாம் புறப்படுமுன், தாதியாக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி அந்த முதியவரிடம் சென்றாள். இடது விலா எலும்பின் கீழே கை வைத்துக் காட்டி, அங்கேதான் மண்ணீரல் இருக்கிறது, காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தால் அது வீங்கும், அதனால்தான் உங்கள் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்கள் என்று விளக்கினாள். பீங்கானில் மட்டமாகக் கிடந்த குடம்பியையும் காட்டினாள். அவர் நெடுநேரம் குனிந்து பார்த்தார். பின்பு, மழைக்காலத்தின் முடிவில் எந்தப் பள்ளத்தில் தண்ணீர் கடைசிவரை நிற்கும், எந்தக் கிணற்றை ஊரார் கைவிட்டுவிட்டனர், எந்தப் பக்கத்து வீடுகளில் முன்பு காய்ச்சல் அதிகம் என்று ஒவ்வொன்றாக அவளுக்குச் சொல்லத் தொடங்கினார். அவள் கொப்பியைத் திறந்து எழுதினாள்.

எழுபது ஆண்டுகளாக அவரிடம் இருந்த அறிவு அது. வந்துபோன எவரும் கேட்டறியாத அறிவு. களம் வாய் திறந்து பேசிய அந்தக் கணத்தில், எலுவன்குளத்தில் உண்மையான வகுப்பு ஒன்று தொடங்கியது என்றே நாம் கருதுகிறோம். அதனை நடத்திச் செல்வது நம் கையில் இருக்கிறது.